பஞ்சடைத்த சலங்கை

அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே தாரணி மடியிலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். பெட்டிக்குள் இரண்டு ஜோடி மைக். ஒன்று பழசு, ஒன்று புதுசு. ஆம்னி வேனின் பின்பக்கத்தில் கிடக்கும் ஸ்டாண்டு, வயர்ச் சுருள், பிளாஸ்டிக் ஷீட்டு எது உருண்டாலும் அவளுக்குக் கவலையில்லை. இந்தப் பெட்டி ஆடக் கூடாது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் "மெதுவா, மெதுவா" என்று புருஷனை அதட்டிக்கொண்டே வந்தாள்.

கவியரசன் கியரை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டினான். பொண்டாட்டி பதற்றத்தில் இருக்கும்போது வாயைக் கொடுப்பவன் புத்திசாலி இல்லை என்பது அவனுக்குத் தெரியும். பாதி மலையில் பலாப்பழம் ஏற்றிய லாரி ஒன்று வளைவை அடைத்துக்கொண்டு இறங்கியது. வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்தான்.

"யப்பா! என்ன கத்துக் கத்துது பாரு இந்தச் சில்வண்டு. காதே அடைச்சுப் போயிருமாட்ட இருக்குது" என்றான்.

தாரணி காதைக் கொடுத்துக் கேட்டாள். லாரியின் உறுமல் கேட்டது. சரிவில் காற்று இலைகளைப் புரட்டுவது கேட்டது. கீழே எங்கோ ஒருத்தர் ஆட்டை விரட்டும் குரல்கூடக் கேட்டது. சில்வண்டு மட்டும் கேட்கவில்லை.

"ஆமாங்க, நெம்பத்தான் கத்துது" என்றாள்.

மூடி மறைத்து என்ன ஆகப் போகிறது? ஒரு வருஷமாகவே அவளுக்குள் ஒரு பயம் அரித்துக்கொண்டிருந்தது. ராசிபுரத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இவர்கள் ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். பெயர்ப்பலகைதான் பெரிசு, உள்ளே இரண்டே அறை. பிழைப்பும் அந்த அறைகளுக்குள் இல்லை. கச்சேரி, பஜனை, கோயில் நோம்பித் திருவிழா, உடுக்கைப் பாட்டு என்று எது எங்கே நடந்தாலும், நடக்கிற இடத்துக்கே போய் அதைப் பிடித்துக்கொண்டு வருவதுதான் தாரணியின் வேலை. வயர் இழுப்பது, வண்டி ஓட்டுவது, முடிந்த பதிவைக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பிவைப்பது எல்லாம் கவியரசன் பொறுப்பு. "தாரணி புடிச்சா பக்கத்துல உக்காந்து கேக்கற மாதிரியே இருக்கும்" என்று நாமக்கல்லிலிருந்து சேலம் வரைக்கும் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குத்தான் இப்போது பூச்சி பிடித்திருந்தது.

போன ஆடிக்குப் பிறகு மூன்று பேர் பதிவைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒன்றையேதான் சொன்னார்கள். காது கூசுதுங்க, தாளம் வந்து குத்துது, ட்ரெபிள் தூக்கலா இருக்குதுங்க. தாரணி அவர்கள் எதிரிலேயே போட்டுக் கேட்டாள். அவளுக்கு எதுவும் குத்தவில்லை. பிசிறே இல்லாமல் பதமாக இருந்தது. உடனே குற்றத்தைத் தூக்கி மைக் தலையில் போட்டாள். பழைய மைக் மங்கிப்போய்விட்டது, அதை ஈடுகட்டத்தான் நான் கீச்சென்ற மேல் சத்தமான ட்ரெபிளைக் கூட்டிவிட்டேன் என்று சொல்லி, நகையை அடகு வைக்காத குறையாக ஒரு புது ஜோடி வாங்கினாள். புதுசில் தாளமும் ஜாலராவும் அவளுக்குத் தெளிவாகவே கேட்டன. மைக்தான் காரணம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி தனக்கேதானோ என்ற நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்துபோய் ஏதாவது வயரைச் சுற்றி வைப்பாள். மைக் கெட்டால் வேறு வாங்கலாம். காது கெட்டால்? அவளுக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ராசிபுரம் கடைவீதியில் காது டாக்டர் பலகையைப் பார்த்தாலே எதிர்ப் பக்கமாகக் கடந்து போனாள். கவியரசனிடமும் மூச்சு விடவில்லை. சொல்லிவிட்டால் பிறகு இல்லையென்று ஆக்க முடியாதே.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அதே வருஷத்தில் அவள் பிடித்த மற்ற பதிவுகளை எல்லோரும் மெச்சினார்கள். சேலத்து வயலின் வாத்தியார் ஒருவர் போன் போட்டு, "வில்லு உரசற சத்தங்கூட அப்பிடியே இயற்கையா இருக்குதும்மா" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். காது போனவள் கைக்கு அது எப்படி வாய்க்கும்? பயம் தலைதூக்கும்போதெல்லாம் தாரணி அந்த வாத்தியாரின் வார்த்தையைத்தான் நினைத்துக்கொள்வாள். லாரி இறங்கிப் போனதும் இப்போதும் அதையே நினைத்துக்கொண்டாள்.

மலைமேல் பைல் நாட்டுப் பகுதியில், நோம்பி ஆட்டத்தைப் பிடிக்க அவர்கள் வந்த ஊர் மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே இருந்தது. செல்வம் ரோட்டிலேயே நின்று வரவேற்றான். சொந்தக் காட்டில் மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் போடுகிறவன். நோம்பி வந்துவிட்டால் பம்பையைத் தோளில் மாட்டிக்கொள்வான். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுவரும்போது தாரணியின் அப்பா வீட்டில் சைக்கிளை நிறுத்திப் பழகியவன். அந்தப் பழக்கத்தில்தான் அவளைக் கூப்பிட்டிருந்தான்.

"வாங்க மாப்ள, வா அம்மிணி. ரோடு எப்பிடி, தலை சுத்திருச்சா?" என்று பெட்டியை வாங்கக் கை நீட்டினான்.

"அதை மட்டும் தொடாதீங்கண்ணா" என்று தாரணி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

செல்வத்தின் பொண்டாட்டி கண்ணாயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே பெரிய முறம். முறம் நிறைய ஆட்டக்காரர்கள் காலில் கட்டும் சலங்கைப் பட்டைகள். ஒரு கையில் இலவம்பஞ்சு, இன்னொரு கையில் ஊசி. ஒவ்வொரு சலங்கையின் வாய்க்குள்ளும் பஞ்சைத் திணித்து, உள்ளே இருக்கும் மணி அசையாதபடி அழுத்தினாள்.

"அக்கா, இது எதுக்குங்க?"

"காப்புக் கட்டியாச்சுல்ல அம்மிணி. சாமி அழைக்கற வரைக்கும் சலங்கை பேசக் கூடாது. பேசுச்சுன்னா சாமி கெளம்பி வந்துரும். வந்து பாத்து, ஆட்டக்காரன் ஒருத்தனயும் காணம்னா கோவிச்சுக்கிட்டுப் போயிரும். நெம்பக் கோவக்காரச் சாமி, எம் புருசனாட்ட" என்று சொல்லிவிட்டு, செல்வத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

செல்வம் சிரிக்கவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இருந்தது. "அம்மிணி, போன நோம்பிக்கு டவுன்ல இருந்து ஒருத்தர் வந்து புடிச்சாரு. பம்பை நல்லாத்தான் இருந்துச்சு. சலங்கையைக் கேட்டா, தகர டப்பாவுல சில்லறையப் போட்டுக் குலுக்குன மாதிரி இருக்குது. திருப்பூர்ல வேலைல இருக்கற எங்க பசங்க அதைக் கேட்டுட்டுச் சிரிக்கறானுங்க. எங்களுக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம். எங்க சலங்கை எங்க சலங்கையாட்டக் கேக்கணும். அவ்வளவுதான்."

"மூணு சுத்து ஆடுவாங்க" என்று கண்ணாயி சேர்ந்துகொண்டாள். "மூணாவது சுத்து நடுவுல பம்பை, நாயனம் எல்லாம் நின்னுரும். சலங்கை மட்டுந்தான் பேசும். அதுதான் சாமிக்குச் சொல்றது. அது வுழுகலைன்னா மத்தது என்ன வுழுந்து என்ன? அடுத்த நோம்பிக்கு இன்னும் மூணு வருசம் ஆகும்."

தாரணி முறத்திலிருந்த சலங்கைகளைப் பார்த்தாள். "அண்ணா, ஒரே ஒரு சலங்கை மட்டும் பஞ்சில்லாமக் குடுத்தீங்கன்னா, மைக்குக்கு முன்னால ஆட்டிப் பாத்துட்டுக் குடுத்தர்றேன். எந்த மைக்குன்னு முடிவு பண்ணோணும்" என்றாள்.

புருஷனும் பொண்டாட்டியும் ஒரே குரலில் "ஆகாது" என்றார்கள்.

"மெதுவா, ஒரே ஒரு தடவை..."

"அம்மிணி, நீ கேட்டது எனக்குச் சங்கடமாத்தான் இருக்குது. ஆனா ஆகாது" என்றான் செல்வம்.

பெரிய ரெக்கார்டர் கையில் இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை. பழசு, புதுசு இரண்டையும் மாட்டிப் பிடித்துவிட்டு வீட்டில் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். அது போன வாரம்தான் ரிப்பேருக்குப் போயிருந்தது. இப்போது இருக்கும் சின்ன ரெக்கார்டரில் ஒரு ஜோடிதான் மாட்ட முடியும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

கோயில் மைதானத்துக்குப் போய் ஸ்டாண்டை நிறுத்திவிட்டு, "சாவிக்கொத்தை எடுங்க" என்றாள் கவியரசனிடம். மைக்குக்கு முன்னால் சாவியைக் குலுக்கிப் பார்ப்பது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். சாவிச் சத்தம் உள்ளபடி விழுந்தால் சலங்கையும் உள்ளபடி விழும். முதலில் பழைய மைக்கை மாட்டினாள். ஹெட்போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கவியரசன் குலுக்கினான். மரக்கட்டையில் எதையோ தட்டுகிற மாதிரி மொத்தமாக ஒரு சத்தம் வந்தது. அதில் உலோகமே இல்லை.

"குலுக்குங்க."

"குலுக்கிக்கிட்டுத்தானே இருக்கறேன்."

புது மைக்கை மாட்டினாள். இப்போது தொலைவில் லேசாக ஒரு கிணுகிணுப்பு கேட்டது. அதைக் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. புது மைக் கொஞ்சம் காதைக் கூசவைக்கும், மேல் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் என்று கடைக்காரரே சொல்லியிருந்தார். சொன்னால் என்ன? கேட்கிறதே! கம்ப்யூட்டர் திரையில் கோடு கோடாகப் பார்த்து எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று சொல்ல வழி உண்டு. "பாட்டைக் கண்ணால பாக்கறவன் செவிடன்" என்று அதைக் கேலி பண்ணியவள் அவள்தான். இந்த ஒரு வருஷத்தில் அந்தத் திரையைத் திறக்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"புதுசுதான். பழசு செத்துப்போச்சு" என்றாள்.

கவியரசன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். "பழசையே போட்டர்லாமா, தாரணி?"

"ஏனுங்க?"

"இல்ல, சும்மாதான் சொன்னேன்."

"சும்மா எதுக்குச் சொல்றீங்க? காதுல வெச்சுக் கேட்டது நானா, நீங்களா?" என்று சீறினாள். அவளுடைய ஹெட்போனை வேறு யாரும் தொடக் கூடாது என்பது ஸ்டுடியோ தொடங்கிய நாளிலிருந்து சட்டம். அவன் வயரைப் பிரிக்கப் போனான்.

சிறு தூறல் விழுந்தது. மைதானத்தின் ஓரத்தில் கிளை பரப்பி ஒரு பலாமரம் நின்றது. அதன் அடியில் மைக் நனையாது, ஆட்டமும் நேர் எதிரே நடக்கும் என்று கணக்குப் போட்டு ஸ்டாண்டை அங்கே நகர்த்தினாள். உயரம் சரி பார்த்தாள், சாய்வு சரி பார்த்தாள், வயரை மண்ணில் அழுத்தி மூடினாள். அந்த வேலையில் அவளுக்கு நிகர் அவள்தான். அப்போது ஆட்டக்காரர்களோடு வந்த செல்வம் நின்று பார்த்தான். பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தான்.

"ஏம்மிணி, எங்களைப் புடிக்க வந்தியா, சில்வண்டைப் புடிக்க வந்தியா?"

ஆட்டக்காரர்களும் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவன் சின்னராசு மரத்தை அண்ணாந்து பார்த்து, "மரம் பூரா அதுதான் ஒக்காந்திருக்குது. நாங்களே இதுக்கடியில நின்னு பேச மாட்டமுங்க. பேசுனா ஒண்ணும் கேக்காது" என்றான்.

தாரணி அண்ணாந்து பார்த்தாள். மரம் அமைதியாக நின்றது. அவளுக்கு அப்படித்தான் இருந்தது. சுற்றிலும் நிற்கிறவர்கள் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுகிறார்கள் என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மலைச் சத்தமும் கொஞ்சம் இருந்தா நல்லா இருக்குமேன்னு..." என்று இழுத்தாள்.

"கொஞ்சமா!" என்று இன்னொரு சிரிப்பு கிளம்பியது.

கவியரசன் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டாண்டைத் தூக்கி மைதானத்தின் மறுபக்கம், பாறை ஓரமாகக் கொண்டுபோய் வைத்தான். அவன் முகத்தைப் பார்க்கத் தாரணிக்குத் துணிச்சல் இல்லை. வயலின் வாத்தியார், வயலின் வாத்தியார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இன்றைக்கு அந்தப் பேரும் கைகொடுக்கவில்லை.

தூறல் விட்டு மஞ்சள் வெயில் அடித்தபோது பூசாரி கற்பூரம் ஏற்றினார். ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். அவரவர் வீட்டுப் பெண்கள் குனிந்து சலங்கைகளிலிருந்து பஞ்சைப் பிடுங்கினார்கள். தாரணி ரெக்கார்டரை ஓடவிட்டு ஹெட்போனை அழுத்திக்கொண்டாள். செல்வத்தின் பம்பை இறங்கியது. ஆகா, என்ன பம்பை! தோல் அதிர்வது நெஞ்சில் வந்து விழுந்தது. நாயனம் எழுந்தது, கொஞ்சம் மழுங்கலாக. பன்னிரண்டு ஜோடிக் கால்கள் தரையை அறைந்தன. தொம் தொம் என்று மண் அதிர்வது கேட்டது.

சலங்கை எங்கே?

ஒலியைக் கூட்டினாள். பம்பைதான் காதைப் பிளந்தது. வயரைத் தொட்டுப் பார்த்தாள், மைக்கைத் திருப்பிப் பார்த்தாள். சலங்கை இல்லை. பஞ்சு எடுக்கவில்லையோ? அதுதான், அதுவேதான். அவசரத்தில் யாரோ பஞ்சை எடுக்க மறந்துவிட்டார்கள். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குச் சந்தோஷமே வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்ணாயியிடம் ஓடினாள்.

"அக்கா! பஞ்சு எடுக்கலீங்களா? சலங்கையில பஞ்சு அப்படியே இருக்குது!"

கண்ணாயி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு முந்தானையைப் பிரித்துக் காட்டினாள். மடி நிறையப் பஞ்சு.

"அல்லாத்தயும் எடுத்தாச்சு அம்மிணி. காதடைக்குதே, உனக்குக் கேக்கலயா?"

தாரணி ஆட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். எதிரே பன்னிரண்டு ஜோடிக் கால்கள் குதிக்கின்றன. முழங்கால்வரை சலங்கை குலுங்குகிறது. சுற்றி நிற்கிற சனம் முழுக்க அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டுகிறது. அவள் ஒருத்திக்கு மட்டும் அங்கே தொம் தொம் என்று மண்தான் அதிர்ந்தது. ஓடி ஒளிய இடமே இல்லை. மைக் கெடவில்லை, வயர் கெடவில்லை, பஞ்சும் இல்லை.

இரண்டாவது சுற்றும் முடிந்தது. பூசாரி தீர்த்தம் தெளித்தார். ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்கினார்கள். மூன்றாவது சுற்றுக்கு முன்னால் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். சலங்கை மட்டும் பேசுகிற சுற்று அடுத்தது. எந்த மைக் என்று இப்போதே முடிவு பண்ண வேண்டும். முடிவு பண்ணக் காது வேண்டும். தாரணி பாறை ஓரத்துக்கு நடந்து வந்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஹெட்போனைக் கவியரசன் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்க. இப்பப் புடிச்சதைப் போட்டுக் கேட்டுச் சொல்லுங்க. எனக்கு... எனக்குச் சலங்கை கேக்கலீங்க."

சொல்லிவிட்டாள். அவன் அதிர்ந்துபோவான், என்ன, எப்போதிருந்து என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஹெட்போனை வாங்கவே இல்லை.

"பழசை மாட்டு, தாரணி."

"கேக்காமயே சொல்றீங்களே!"

"கேக்க வேண்டாம். எனக்குத் தெரியும். புதுசு காதைக் கிழிக்கும்."

"எப்பிடித் தெரியும்?"

கவியரசன் ஆட்டக்காரர்களைப் பார்த்தான், ரெக்கார்டரைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. "ஒரு வருசமா அனுப்பறதுக்கு முன்னாடி நாந்தான் ட்ரெபிளைக் கொறச்சு அனுப்பறேன்" என்றான்.

"எதை?"

"எல்லாத்தையும்."

"வயலினு?"

"அதையுந்தான்."

"அப்ப, திரும்பி வந்த அந்த மூணு?"

"அது மூணும் நீயே பென்டிரைவுல போட்டுக் கையில குடுத்துட்ட. எனக்குத் தெரியறதுக்குள்ள போயிருச்சு." அவன் குரல் தேய்ந்தது. "நீ தாங்க மாட்டீன்னு நெனச்சேன் கண்ணு."

தாரணிக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்டாண்டாலேயே அவனை அடித்திருப்பாள். அவள் மெச்சப்பட்டது, நிமிர்ந்து நடந்தது, என் காதுக்கு ஒன்றும் இல்லை என்று தன்னையே நம்பவைத்தது எல்லாமே இவன் போட்ட பிச்சை! இரக்கப்பட்டிருக்கிறான். பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வருஷமாக இரக்கப்பட்டிருக்கிறான். அவமானத்தில் முகம் கொதித்தது. அப்போது செல்வம் பம்பையில் விரலால் தட்டிச் சுருதி பார்த்தான். சண்டை போட நேரமில்லை.

அவள் குனிந்து புது மைக்கைக் கழற்றினாள், பழசை மாட்டினாள். பழசு மேல் சத்தத்தைத் தூக்காது, எது எப்படி இருக்கிறதோ அதை அப்படியே வாங்கும். அது செத்துப்போகவில்லை. செத்தது எது என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஸ்டாண்டை ஓரடி தள்ளி, ஆட்டக்காரர்களின் முழங்கால் உயரத்துக்கு இறக்கினாள். அதைச் செய்ய அவளுக்குக் காது தேவைப்படவில்லை. ஹெட்போனைக் கவியரசன் தலையில் தானே மாட்டிவிட்டு, "ஒலி கூடுனா கொறைங்க, கொறைஞ்சாக் கூட்டுங்க. வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். வயரில் யாரும் கால் வைத்துவிடாமல் காவல் இருக்க வேண்டுமே.

மூன்றாவது சுற்று கிளம்பியது. பம்பை ஏறி ஏறி உச்சத்துக்குப் போய், சட்டென்று நின்றது. நாயனமும் நின்றது. கால்கள் மட்டும் நிற்கவில்லை. அவை இப்போது அழுந்தி மிதிக்கவில்லை, நுனிக்காலில் நின்று நடுங்கின. சலங்கை மட்டும் பேசும் இடம். சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கண்ணாயி கைகூப்பியிருந்தாள். ஒரு பெண்ணுக்கு உடம்பு உதறி அருள் வந்தது. ஹெட்போன் மாட்டியிருந்த கவியரசனின் கண்கள் கலங்கிப்போய் எங்கேயோ பார்த்தன. தாரணிக்கு அங்கே ஒன்றுமே இல்லை. கால் நடுங்குவதைக் கண் பார்க்கிறது, காதில் வெறும் காற்று. கைக்கு எட்டும் தூரத்தில் அத்தனை சலங்கைகளும் சாமியைக் கூப்பிடுகின்றன. அவளை மட்டும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, ஒரு சத்தமும் எழாமல் அழுதாள்.

ஆட்டம் முடிந்து, சாமி மலையேறி, தேங்காய் உடைத்துப் பிரசாதம் கொடுத்த பிறகு செல்வம் வியர்வையோடு வந்தான். ஆட்டக்காரர்களும் கூட வந்தார்கள். எல்லோர் கண்ணும் தாரணி மேல்தான்.

"அம்மிணி, நீயே சொல்லு. எங்க சலங்கை எப்பிடி வுழுந்திருக்குது?"

அவள் வாய் திறப்பதற்குள் கவியரசன் முந்திக்கொண்டான். "அருமையா வந்திருக்குதுங்க. இவ கை வெச்சா வேற எப்பிடி வரும்?"

தாரணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவன் பேச்சு பாதியில் நின்றது.

"நாங் கேக்கறேன், குடுங்க" என்று கண்ணாயி ஹெட்போனை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டாள். கவியரசன் மூன்றாவது சுற்றை ஓடவிட்டான். கண்ணாயி முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். கொஞ்சங் கொஞ்சமாகச் சுளிப்பு போய், உதடு விரிந்தது. "இதா, இது சின்னராசு மாமன். வலது கால்ல ஒரு மணி ஒடஞ்சிருக்குதுல்ல, அதுகூடக் கேக்குது. சில்லறையும் இல்ல, டப்பாவும் இல்ல. நம்ம சலங்கையேதானுங்க" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். ஹெட்போன் போட்டவர்கள் கத்தித்தான் பேசுவார்கள். செல்வத்துக்கு முகமெல்லாம் பல். ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்தார்கள்.

தாரணிக்கும் மூச்சு வந்தது. பதிவு பிழைத்துவிட்டது. தான் பிழைக்காவிட்டாலும் அது பிழைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

கண்ணாயி திடீரென்று கையை உயர்த்தினாள். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இருங்க. சலங்கைக்கு நடுவுல ஆரோ அழுகறாங்க. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, நல்லாக் கேக்குது. மைக்குக்குப் பக்கத்துலயே. ஆருங்க அது?"

தாரணி கல்லாகிப் போனாள். சத்தமே இல்லாமல்தான் அழுதேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பாள். அவள் காதுக்கு ஒன்றுமே கேட்கவில்லையே!

"அது வந்துங்க, காத்துங்க" என்றான் கவியரசன் அவசரமாக. "மைக்குல காத்து அடிச்சா அந்த மாதிரித்தானுங்க கேக்கும். ஊட்டுக்குப் போனதும் நான் அதைச் சரி பண்ணி..."

"காத்தில்லீங்க" என்றாள் தாரணி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். குரல் நடுங்கினாலும் பேச்சு தெளிவாகவே வந்தது.

"நாந்தானுங்கக்கா அழுதேன். நான் அழுதது எனக்கே கேக்கலீங்க. உங்க சலங்கையும் எனக்குக் கேக்கலீங்கண்ணா. மரத்துல சில்வண்டு கத்தறதும் கேக்கல. ஒரு வருசமாச்சு. இன்னைக்கு இதைக் காதுல கேட்டுப் புடிச்சது நானில்ல, இவரு."

செல்வம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கண்ணாயி ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள். கவியரசனின் விரல் இன்னும் ரெக்கார்டர் பட்டனின் மேல் இருந்தது.

தாரணி அவன் கையைப் பிடித்து அதிலிருந்து விலக்கினாள்.

"இதை நீங்க சரி பண்ணிராதீங்க" என்றாள்.